திருகோணமலைக் குளங்களிலும் வில்லுகளிலும் நீர்ப்பூச்சி கணக்கெடுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர மாணவர்கள், வளாகத்தில் கடைசி வருட ஆய்வு செய்கிறவர்கள், பாடசாலைச் சூழல் கழகத்துக்குப் பொறுப்பான ஆசிரியர்கள், தும்பிப் படம் எடுக்கிற சிலர் என்று பலரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். சோமாவதி தேசியப் பூங்காவின் வில்லுகள் (ஆற்று வெள்ளம் நிரம்பும் சதுப்புப் பள்ளங்கள்), கந்தளாய், சேருவில பக்கத்துக் காட்டுக் குளங்கள், மாரியில் மட்டும் ஓடும் சிற்றாறுகள் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது.

நீர்ப்பூச்சி என்றால் எதையெல்லாம் எண்ணுவது?

வாழ்நாளில் ஒரு பருவமாவது தண்ணீரில் கழிக்கிற பூச்சி எல்லாம் கணக்கில் வரும். தும்பி, ஊசித்தும்பி, மேஃபிளை, மண்ணையும் குச்சியையும் ஒட்டிக் கூடு கட்டும் கேடிஸ், நீர் வண்டுகள், நீர்மூட்டைகள், நுளம்பும் அதன் சொந்தக்காரர்களும். தும்பி பறக்கும்போது தரைப் பூச்சி மாதிரித் தெரிந்தாலும் அதன் அணங்குப் பருவம், அதாவது பறக்கத் தொடங்கும் முன்னான இளம் பருவம், முழுக்கத் தண்ணீருக்குள்தான். நத்தை, இறால், அட்டை பூச்சியில்லை, ஆனால் வலையில் வந்தால் தனியாகக் குறித்து வையுங்கள், பிறகு யாருக்காவது உதவும்.

எங்கள் ஊர்க் குளத்திலேயே எண்ணலாமே, ஏன் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் போக வேண்டும்?

ஊர்க் குளத்திலும் எண்ணுங்கள், அது நல்ல வேலை. ஆனால் ஒப்பிட ஓர் அடிப்படை வேண்டும். வயலுக்கு அடிக்கிற மருந்தும் சவர்க்காரத் தண்ணீரும் அதிகம் சேராத நீரில் என்ன வாழ்கிறது என்று தெரியாமல், வயலோரக் குளத்தில் எது காணாமல் போனது என்று எப்படிச் சொல்வது?

இன்னொரு காரணமும் இருக்கிறது. சோமாவதி 1986 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மகாவலி பெருகும்போது கரை தாண்டி நிரம்பும் வில்லுகள்தான் அதன் உயிர். 1980களில் மேலே விக்டோரியா, ரந்தெனிகல அணைகள் வந்த பிறகு ஆற்றின் வெள்ளம் பழைய இயல்பில் வருவதில்லை. வெள்ளம் மாறினால் வில்லு மாறும், வில்லு மாறினால் முதலில் மாறுவது அதிலுள்ள பூச்சிகள். இன்றைக்கு என்ன இருக்கிறது என்று எழுதி வைக்காவிட்டால் இன்னும் இருபது வருடத்தில் வருகிறவருக்கு ஒப்பிட ஒன்றுமே இருக்காது. இதை நான் வெறும் பொழுதுபோக்காக நினைக்கவில்லை.

சிங்கராஜாவின் பட்டியலோடு எங்கள் பட்டியலை ஒப்பிடலாமா?

வேண்டாம். 1988 ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமை வனாந்தரச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட காடு சிங்கராஜா. அங்கே வருடம் முழுக்க மழை, நிழல், குளிர்ந்த ஓடை. இலங்கைக்கே உரிய தும்பிகளில் பெரும்பகுதி அந்த ஈரவலயக் காடுகளையும் மலைகளையும் நம்பி வாழ்கின்றன. இங்கே உலர்வலயம், தேங்கிய நீர், சூடு. நம் பட்டியலில் உள்ளூருக்கே உரிய இனங்கள் குறைவாக இருந்தால் நம் இடம் ஏழை என்று அர்த்தமில்லை, அது வேறு வகையான இடம். வில்லை வில்லோடும், குளத்தைக் குளத்தோடும் ஒப்பிடுங்கள்.

அனுமதி யாரிடம் எடுப்பது? பூச்சிக்கும் அனுமதி வேண்டுமா?

வேண்டும். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் யானைக்கும் சிறுத்தைக்கும் மட்டும் என்று நினைக்காதீர்கள். தேசியப் பூங்காவுக்குள் ஒரு நுளம்புக் குடம்பியைப் போத்தலில் போட்டாலும் அது எடுத்தல்தான். வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வரும் இடமென்றால் அங்கே விண்ணப்பியுங்கள், ஒதுக்குக் காடு என்றால் வனத் திணைக்களம். இரண்டின் தலைமையகமும் பத்தரமுல்லையில். ஒரே சிற்றாறு மேலே ஒதுக்குக் காட்டிலும் கீழே சரணாலயத்திலும் ஓடலாம், அப்போது இரண்டு கடிதமும் தேவை.

விண்ணப்பத்தில் என்ன முறை, எத்தனை இடம், எவ்வளவு மாதிரி, மாதிரிகள் கடைசியில் எங்கே வைக்கப்படும் என்று தெளிவாக எழுதுங்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம், ஆகவே மாரியில் வேலை என்றால் கோடையிலேயே அனுப்பிவிட வேண்டும். அனுமதி கிடைத்த பிறகும் போகிற நாளை உள்ளூர் அலுவலகத்துக்குச் சொல்லி, அங்கிருந்து ஒருவரோடு போவது நல்லது. காட்டில் எந்தப் பக்கம் யானை நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

வெளிநாட்டு நண்பருக்கு மாதிரி அனுப்பலாமா என்றும் கேட்கிறார்கள். தனி ஏற்றுமதி அனுமதி இல்லாமல் ஒன்றும் அனுப்பாதீர்கள். யால தேசியப் பூங்காவில் பூச்சிகளைப் போத்தல்களில் சேர்த்த வெளிநாட்டவர் இருவருக்கு 2024 இல் 6 கோடி ரூபா தண்டம் விதிக்கப்பட்டது.

எந்த மாதத்தில் போனால் நிறையக் கிடைக்கும்?

இந்தப் பக்கத்தில் இதைத்தான் கவனமாக வாசிக்க வேண்டும். நிறையக் கிடைக்கிற மாதத்தை மட்டும் தேடிப் போனால் உங்கள் பட்டியல் பாதிப் பட்டியல்தான்.

நமக்கு மழை ஒக்டோபர் கடைசியில் பிடித்து நவம்பர், டிசம்பரில் கொட்டி ஜனவரியில் ஓயும். மே தொடங்கி கச்சான் காற்று அடித்து எல்லாவற்றையும் காய வைக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரே குளத்தில் நாலு வேறு உலகங்கள் வந்து போகின்றன. முதல் மழையில் தேங்கிய புதுத் தண்ணீரில் மீன் இல்லை, ஆகவே சீக்கிரம் வளரும் பூச்சிகள் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும். நுளம்புகள் வரும், அவற்றைத் தின்ன வண்டுக் குடம்பிகள் வரும், தாழப் பறந்து மழை சொல்லும் தும்பிக் கூட்டம் என்று நாம் பார்க்கிறோமே, அதில் முக்கியமான பன்டாலா ஃப்ளேவெசென்ஸ் அந்தத் தற்காலிகக் குட்டைகளில்தான் முட்டையிடும். அதன் அணங்கு ஆறு ஏழு வாரத்தில் வளர்ந்து பறந்துவிடும், ஏனென்றால் குட்டை வற்றுவதற்குள் முடித்தாக வேண்டும். இந்தியாவிலிருந்து மாலைதீவு வழியாக ஆபிரிக்கா வரை இந்துசமுத்திரத்தைத் தாண்டுவது இந்தத் தும்பிதான் என்று 2009 இல் சார்ள்ஸ் அண்டர்சன் எழுதினார். அப்படிப்பட்ட ஒரு பயணியை நம் மாட்டுக் குளம்படிக் குட்டையில் பார்க்கலாம், ஆனால் அந்தச் சில வாரங்களில் மட்டும்தான்.

வெள்ளம் நிரம்பிய ஜனவரியில் வில்லு அகலமாகிப் பூச்சிகள் ஐதாகிவிடும், வலையில் குறைவாக வரும். அதைப் பார்த்து இனம் குறைந்துவிட்டது என்று எழுதினால் பிழை. மார்ச், ஏப்ரலில் நீர்த்தாவரம் அடர்ந்த பிறகு ஊசித்தும்பி, மேஃபிளை, நீர்மூட்டை எல்லாம் கூடும். ஓகஸ்ட்டில் தண்ணீர் சுருங்கி மிஞ்சிய குழியில் வண்டும் மூட்டையும் நெருங்கிக் கிடக்கும். ஒரே வீச்சில் வலை நிறைந்துவிடும், இனங்களோ கொஞ்சம்தான். சில வண்டுகள் ஈரச் சேற்றுக்குள் புதைந்து கிடக்கும், சிலது இரவில் பறந்து பெரிய குளத்துக்குப் போய்விடும்.

ஆகவே குறைந்தது முதல் மழைக்குப் பிறகு ஒரு முறை, மாரி ஓய்ந்து செடி வளர்ந்த பிறகு ஒரு முறை, கடுங்கோடையில் ஒரு முறை. நாலாவதாக, வெள்ளம் இறங்கத் தொடங்கும்போது போக முடிந்தால் இன்னும் நல்லது. வற்றிப்போன இடத்துக்கும் போய் வற்றியது என்று திகதியோடு எழுதுங்கள். அதுவும் தரவுதான்.

என்ன சாமான்கள் வேண்டும்?

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. அடி தட்டையான, D எழுத்து வடிவ வளையத்தில் அரை மில்லிமீற்றர் கண்ணி உள்ள கைவலை ஒன்று போதும். இறால் பிடிக்கிற அத்தாங்கு கொண்டு போகலாமா என்று மூதூர்ப் பக்கத்துத் தம்பிமார் கேட்பார்கள். கண்ணி பெரிது, சின்ன மேஃபிளை எல்லாம் ஓடிவிடும், ஆனால் அதே கைப்பிடியில் நுண்ணிய வலைத்துணியைத் தைத்துக்கொள்ளலாம். அப்புறம் வெள்ளைத் தட்டு, மென்மையான இடுக்கி, சொட்டுக்குழாய், மூடி இறுக்கமான சிறு போத்தல்கள், உருப்பெருக்கி, வெப்பமானி, பென்சில்.

எப்படி எடுப்பது?

ஓடுகிற நீர் என்றால் வலையை நீரோட்டத்துக்கு எதிராக வைத்து, அதற்கு மேற்பக்கத்தில் காலால் கல்லையும் மணலையும் கிளறுங்கள், கிளம்புவதெல்லாம் வலைக்குள் வரும். வில்லிலும் குளத்திலும் ஓட்டமில்லை, அதனால் செடிக்குள், சேற்றின் மேல், திறந்த நீரில், வேர்களுக்கிடையே என்று பிரித்து வலையை வீசி இழுக்க வேண்டும். மொத்தம் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டால் அந்த மூன்று நிமிடத்தை எல்லா இடத்திலும் எல்லா முறையும் அப்படியே பின்பற்றுங்கள். ஒரு குளத்தில் நல்லது கிடைக்கிறது என்று பத்து நிமிடம் இழுத்தால் மற்றதோடு ஒப்பிடவே முடியாது. சல்வீனியா என்ற மிதக்கும் களைச்செடி மூடிய இடத்தைத் தவிர்த்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். 1939 இல் இலங்கைக்கு வந்த அந்தச் செடி தொல்லைதான், ஆனாலும் ஒரு கைப்பிடியைத் தட்டில் உதறிப் பாருங்கள், அதன் இழைகளுக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று.

தட்டில் கொட்டியதும் முதலில் ஒன்றும் தெரியாது, சேறும் அழுகிய இலையும்தான். தெளிந்த தண்ணீர் ஊற்றி, நிழலில் வைத்துக் கொஞ்சம் பொறுங்கள். முதலில் நீர் வண்டு ஒன்று மேலே வந்து பின்பக்கத்தை நீர்மட்டத்தில் நீட்டி, இறக்கைக்கு அடியில் காற்றை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே போகும். மல்லாந்து நீந்தும் நீர்மூட்டைகள் துடுப்புப் போடும். கடைசியில் சேற்றின் ஒரு பகுதியே நகர்வது போலத் தெரியும், அதுதான் தும்பியின் அணங்கு, உடம்பெல்லாம் அழுக்குப் பூசிக்கொண்டு அசையாமல் கிடந்திருக்கும். சொட்டுக்குழாயால் தொட்டால் பின்பக்கத்தால் நீரைப் பீச்சி முன்னால் பாயும். பக்கத்தில் ஒரு குடம்பி போனால் முகத்துக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் உதடு நீண்டு அதைப் பிடித்து வாய்க்குக் கொண்டு வருவதைப் பார்க்கலாம், கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். முதலில் பொறுமையாகப் பாருங்கள், எண்ணுவது அதன் பிறகு.

எல்லாவற்றையும் ஸ்பிரிட்டில் போட வேண்டுமா? பாவமில்லையா?

எல்லாவற்றையும் வேண்டாம். கண்ணால் பார்த்தே உறுதியாகச் சொல்லக்கூடியதை எண்ணிவிட்டு விட்டுவிடுங்கள். முதுகில் முட்டைகளை நெருக்கமாக ஒட்டிக்கொண்டு திரியும் டிப்ளோனிக்கஸ் நீர்மூட்டையைப் பார்ப்பீர்கள். அது ஆண், குஞ்சு பொரியும் வரை அதுதான் சுமக்கும். படம் எடுத்துக்கொண்டு திரும்ப விடுங்கள். தும்பிக்கு இன்னொரு வழி இருக்கிறது. அணங்கு செடித்தண்டில் ஏறித் தோலைக் கழற்றிவிட்டுப் பறக்கும், அந்த வெறும் தோலை வைத்தே பல இனங்களை அடையாளம் காணலாம், உயிர் ஒன்றும் போகாது, அந்த நீரில்தான் வளர்ந்தது என்பதற்கும் அதைவிட நல்ல சாட்சி இல்லை. ஆனால் பூங்காவுக்குள் அந்தத் தோலை எடுக்கவும் அனுமதிக் கடிதம் வேண்டும்.

மேஃபிளை, கேடிஸ், சிறு வண்டு போன்றவற்றை நுணுக்குக்காட்டி இல்லாமல் சொல்ல முடியாது, அவற்றைக் கொஞ்சம் எடுத்தாக வேண்டும். 70 முதல் 80 வீத எதனோல் போதும், டிஎன்ஏ பார்க்கும் எண்ணமென்றால் 95 வீதம். பூச்சியின் உடம்பிலுள்ள நீர் கலந்து எதனோல் ஐதாகிவிடும், அதனால் அடுத்த நாள் மாற்றுங்கள். பாடசாலை அல்லது வளாக ஆய்வுகூடத்தின் வழியாகவே அதை எடுங்கள்.

இனம் வரை பெயர் சொல்லத் தெரியாவிட்டால் வேலை வீணா?

இல்லை. குடும்பம் வரை சரியாகச் சொன்னாலே நல்ல வேலை, இனப்பெயரை ஊகித்து எழுதுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. தொடங்குகிறவருக்குச் சில அடையாளங்கள்: வால் நுனியில் இலை போல மூன்று செவுள் இருந்தால் ஊசித்தும்பி அணங்கு. வயிற்றின் இரு பக்கமும் செவுள் அசைந்து, பின்னால் இரண்டோ மூன்றோ மெல்லிய வால் இருந்தால் மேஃபிளை. நீர்மட்டத்தில் சுழன்று ஓடும் வண்டுக்குக் கண் மேலும் கீழுமாகப் பிரிந்து நாலு போல இருக்கும். சேற்றில் சிவப்புப் புழு என்றால் கைரோனோமிட் (நுளம்பு போன்ற, கடிக்காத சிறு ஈ) குடம்பி, அந்தச் சிவப்பு ஈமோகுளோபின், ஒக்சிசன் குறைந்த சேற்றில் சமாளிக்க உதவுவது. பறக்கும் தும்பிகளைப் படத்தால் இனம் வரை கொண்டு போகலாம், இலங்கையில் சுமார் 130 இனங்கள்தான், உலர்வலயக் குளங்களில் வருவது அதிலும் குறைவு. காலை ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் ஏறியதும் கரையோரம் நடந்து எண்ணுங்கள்.

பூச்சிக்குப் புள்ளி போட்டு நீரின் தரத்தைச் சொல்கிற முறை இருக்கிறதே, அதை இங்கே பாவிக்கலாமா?

பிஎம்டபிள்யூபி முறையைக் கேட்கிறீர்கள். பிரித்தானிய ஆறுகளுக்காகச் செய்தது, ஒவ்வொரு குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை புள்ளி. அப்படியே எடுத்து வில்லில் போடாதீர்கள். உதாரணம் ஒன்று: அந்த அட்டவணையில் லிபெலுலிடே தும்பிக் குடும்பத்துக்கு 8, அதாவது சுத்தமான நீரின் அடையாளம். நம்மிடம் அதே குடும்பத்தைச் சேர்ந்த பிராக்கிதெமிஸ் கன்டாமினேட்டா சாக்கடைத் தண்ணீரிலும் சந்தோஷமாக வளரும். அழுக்கு வாய்க்காலுக்கு 8 புள்ளி கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். ஓடுகிற நீரில் மேஃபிளை, கேடிஸ் குடும்பங்கள் எத்தனை என்று பார்ப்பது ஓரளவுக்கு உதவும். ஸ்டோன்ஃபிளை என்ற இன்னொரு நீர்ப்பூச்சி குளிர்ந்த வேகமான ஓடைக்குரியது, நம் குளத்தில் அது இல்லாததை மாசு என்று எழுத வேண்டாம்.

வெப்பம், ஒக்சிசன், பிஎச், கடத்துதிறன் (நீர் மின்சாரத்தைக் கடத்தும் அளவு) அளந்தால் எல்லா இடத்திலும் நாளின் ஒரே நேரத்தில் அளவுங்கள். 25 பாகையில் நீர் லீற்றருக்கு 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலே ஒக்சிசன் தாங்கும், 35 இல் 7 அளவுதான். காலையில் ஒரு குளம், மத்தியானம் ஒரு குளம் என்று அளந்து வித்தியாசம் கண்டால் அது பெரும்பாலும் நேரத்தின் வித்தியாசம்.

எப்போது போதும் என்று நிறுத்துவது?

புது மாதிரி எடுத்தும் புது இனம் வருவது குறைந்துகொண்டே போனால் கிட்ட வந்துவிட்டீர்கள். சாவோ 1 என்ற கணக்கு எளிது. ஒரே ஒரு தனியன் மட்டும் கிடைத்த இனங்களின் எண்ணிக்கையை அதே எண்ணால் பெருக்கி, இரண்டு தனியன்கள் கிடைத்த இனங்களின் எண்ணிக்கையின் இரு மடங்கால் பிரித்து, கண்ட இனங்களோடு கூட்டுங்கள். உதாரணமாக 40 இனம் கண்டு, அதில் 8 ஒற்றை, 4 இரட்டை என்றால் 64 ஐ 8 ஆல் பிரிக்க 8, ஆகக் குறைந்தது 48 இனமாவது அங்கே இருக்கலாம். இது ஒரு பருவத்துக்கான கணக்கு. மாரியில் வருவதைக் கோடைக் கணக்கு சொல்லாது.

லேபலில் என்ன எழுத வேண்டும்?

மாவட்டம், கிட்டிய ஊர், நீர்நிலையின் பெயர், ஜிபிஎஸ், திகதி, எடுத்த முறை, எடுத்தவர். பென்சிலால் எழுதிப் போத்தலுக்கு உள்ளேயே போடுங்கள், குமிழ்ப்பேனா மை எதனோலில் கரைந்துவிடும். 1970களில் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகக் கார்ல் குரோம்பைனும் அவரோடு வந்தவர்களும் இலங்கைப் பூச்சிகளைச் சேர்த்தபோது சீனக்குடாவில் ரிட்ஜ் பங்களோ என்ற இடத்திலும் சேர்த்தார்கள். அந்தப் பெயரும் திகதியும் எழுதிய சிறு துண்டுகள் இன்றும் ஆய்வுக் கட்டுரைகளில் எடுத்தாளப்படுகின்றன. 'திருகோணமலை, குளம்' என்று மட்டும் எழுதிய போத்தலை அடுத்த தலைமுறையில் யாராலும் பாவிக்க முடியாது.

யானை, முதலை பயம் இல்லையா?

இருக்க வேண்டும். கோடையில் வில்லுகளுக்கு யானை புல்லுக்கும் தண்ணீருக்கும் இறங்கும், அதிகாலையும் மாலையும் அங்கே நிற்காதீர்கள். கலங்கிய நீரில் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம், முதலை தெரியாது. வெருகல் பக்கம் ஆற்று முகத்தில் உவர்நீர் முதலையும் உண்டு. தனியாகப் போகக் கூடாது. எலிக்காய்ச்சலும் முக்கியம்: காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு இறங்காதீர்கள். போகிற முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கதைத்தால் தடுப்பு மாத்திரை தேவையா என்று சொல்வார். காய்ச்சல் வந்தால் சேற்றில் நின்றதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வேண்டாம்.

கன்னியா வெந்நீர் ஊற்றில் எடுக்கலாமா?

அங்கே வலை போடாதீர்கள். மக்கள் பிதிர்க்கடனுக்கு வருகிற இடம், தொல்லியல் பாதுகாப்பில் உள்ள இடம்.

கடலில் பூச்சி இருக்கிறதா?

இருக்கிறது. நீர்மேல் ஓடும் ஹேலோபேட்டஸ் இனங்களில் சில நடுக்கடலிலேயே வாழ்கின்றன, திறந்த சமுத்திரத்தில் அப்படி வாழும் பூச்சி வேறு இல்லை. களப்பும் உப்பாறும் தனிக் கணக்கெடுப்பு, உவர்ப்பை அளக்காமல் அதில் இறங்க வேண்டாம்.

இதனால் ஊருக்கு என்ன பயன் என்று வீட்டில் கேட்கிறார்கள், என்ன சொல்வது?

மலேரியாவைச் சொல்லுங்கள், இந்த மாவட்டத்துப் பெரியவர்களுக்கு அது என்னவென்று தெரியும். ஆறு வற்றி மணலில் மிஞ்சும் குழிகளில் பெருகும் அனோபிலிஸ் குலிசிஃபேசிஸ்தான் இங்கே அதை முக்கியமாகப் பரப்பியது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது, நுளம்பு மட்டும் போகவில்லை. அந்தக் குழிகளில் நுளம்புக் குடம்பியைத் தின்பது தும்பி அணங்கும் நீர் வண்டும் மல்லாந்து நீந்தும் நீர்மூட்டையும். எந்தக் குழியில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று தெரிந்தால் சுகாதாரப் பகுதிக்கு அது நேரடியாக உதவும்.

முடிந்ததும் தரவை என்ன செய்வது?

பூங்கா அலுவலகத்துக்கு ஒரு பிரதி, தமிழிலும் ஒரு சுருக்கத்தோடு. மாதிரிகளை வீட்டு அலுமாரியில் வைக்காமல் அனுமதியில் சொன்ன ஆய்வுகூடத்திலோ கொழும்பு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலோ ஒப்படையுங்கள். படங்களை ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போடலாம், அரிதான இனமென்றால் சரியான இடத்தை மறைத்துப் போடுங்கள். எண்ணிக்கை அட்டவணையில் பூச்சியங்களை அழிக்காதீர்கள், போய்ப் பார்த்துக் கிடைக்காத இடத்துக்கும் போகவே இல்லாத இடத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும்.